ஓட்டை ஸ்பீக்கரும் ஒத்தைத் தந்தியும்: மெம்பிஸ் முதல் நாஷ்வில் வரை

திங்கள், மெம்பிஸ்

யூனியன் அவென்யூ 706. சின்னச் செங்கல் கட்டடம், முகப்பில் பெரிய கிட்டார் ஒன்று தொங்குகிறது. 1950இல் சாம் பிலிப்ஸ் ஒலிப்பதிவுக் கடையாகத் திறந்த சன் ஸ்டூடியோ இதுதான். சுற்றிப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். எல்விஸ் நின்ற இடம் என்று தரையில் எக்ஸ் குறி போட்டிருக்கிறார்கள். கூட்டம் மொத்தமும் அதன்மேல் நின்று மைக்கைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறது. கிட்டார்க்காரர்கள் அண்ணாந்து பார்ப்பது நல்லது. மேற்கூரை மட்டமாக இல்லை, மடிப்பு மடிப்பாக இறங்குகிறது. அதனால் ஒலி நேராகத் திரும்பி வந்து மைக்கில் மோதுவதில்லை.

பழைய பாட்டு, பழைய டோன் என்று நாம் உருகும் கிட்டார் ஒலிகளில் பாதி, ஏதோ ஒன்று கெட்டுப்போனதாலோ கையில் காசு இல்லாததாலோ வந்தவை. அமெரிக்கத் தெற்கில் மெம்பிஸ் முதல் நாஷ்வில் வரை ஒரு வாரம் போகும் இந்தப் பாதையில் அவற்றை ஒவ்வொன்றாக, பிறந்த இடத்திலேயே பார்க்கலாம். டி-ஷர்ட்டும் சாவிக்கொத்தும் எந்த ஊரிலும் கிடைக்கும்.

முதல் கோளாறு பாட்டாக மாறியது இந்த அறையில்தான். 1951 மார்ச்சில் ஐக் டர்னரின் குழு மிசிசிப்பி மாநிலத்துக் கிளார்க்ஸ்டேலிலிருந்து காரில் வந்தபோது, கிட்டாரிஸ்ட் வில்லி கிஸார்ட்டின் ஆம்ப் வழியில் அடிபட்டு ஸ்பீக்கரின் கோன் (அதிரும் காகிதக் கூம்பு) சேதமாகிவிட்டது. கீழே விழுந்தது என்பார்கள், மழையில் நனைந்தது என்பார்கள். பிலிப்ஸ் மாற்று ஆம்ப் தேடவில்லை. கோனுக்குள் காகிதத்தைத் திணித்து அப்படியே பதிவு செய்தார். ‘ராக்கெட் 88’ பாட்டில் அடியில் கரகரவென்று ஓடும் கிட்டார் அதுதான். கிழிந்த கோன் ஒழுங்காக முன்னும் பின்னும் போகாமல் விளிம்பில் உரசும். அந்த உரசல் மூல சுரத்துக்கு மேலே, முதலில் இல்லாத ஹார்மோனிக்ஸை (அதன் மடங்குகளாக எழும் மேல் சுரங்களை) சேர்த்துவிடுகிறது.

வீட்டில் செய்து பார்க்க நல்ல ஸ்பீக்கரைக் கிழிக்க வேண்டாம். பழைய கடையில் 6 அல்லது 8 அங்குல ஸ்பீக்கர் ஒன்று வாங்கி, அதன் இம்பீடன்ஸ் (மின்தடை) ஆம்ப் கேட்கும் ஓம் அளவுதானா என்று பார்த்து மாட்டுங்கள். கோனின் நடுவே அதை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயிலிலிருந்து விலகி, கோனின் வெளிப்பாதியில் 2 சென்டிமீட்டர் நீளத்துக்கு இரண்டு கீறல் போதும். காயில் பக்கம் பிளேடு போனால் கரகரப்பு வராது, ஸ்பீக்கர் ஊமையாகிவிடும்.

இரண்டாவது விஷயம் எதிரொலி. 1954 ஜூலையில் எல்விஸ், கிட்டாரிஸ்ட் ஸ்காட்டி மூர், பேஸ் வாசிக்கும் பில் பிளாக் மூவரும் இங்கே பதிந்தபோது டிரம்ஸ் கிடையாது. மூர் கையில் கிப்ஸன் ஈஎஸ்-295 கிட்டார். வெறுமையை நிரப்பியது பிலிப்ஸின் இரண்டு ஆம்பெக்ஸ் டேப் மெஷின்கள். ஒலியை இரண்டாவது மெஷினில் பதிந்து, அதன் பிளேபேக் ஹெட்டிலிருந்து எடுத்து மறுபடி கலந்தார். பதியும் ஹெட்டுக்கும் வாசிக்கும் ஹெட்டுக்கும் இருக்கும் இடைவெளிதான் தாமதம். நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடி, இடைவெளி 2 அங்குலம் இருந்தால் 133 மில்லிநொடி.

டிலே பெடலில் (எதிரொலி எழுப்பும் கால்பெட்டி) இதைக் கொண்டுவர 120 முதல் 140 மில்லிநொடி, ஃபீட்பேக் (எதிரொலி திரும்பத் திரும்ப வரும் அளவு) பூஜ்யம், மிக்ஸ் மூன்றில் ஒரு பங்கு. பாட்டின் தாளத்தோடு பொருத்தப் பார்க்காதீர்கள், பொருந்தாமல் இருப்பதுதான் அதன் துள்ளல். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இரண்டு இடத்தில். ஒன்று, ஃபீட்பேக்கைக் கொஞ்சம் திறந்து வைப்பது. எதிரொலி இரண்டாம் முறை கேட்டதுமே 1954 போய் 1984 வந்துவிடும். மற்றொன்று டிஜிட்டல் டிலேயின் பளிச்சென்ற மறுஒலி. டோன் திருகு இருந்தால் பாதிக்குக் கீழே இறக்குங்கள்.

கிளம்பும் முன் பாடகர் ஜானி கேஷின் காகித வித்தை. 1956இல் ‘ஐ வாக் தி லைன்’ பாட்டை இங்கேதான் பதிந்தார். ஸ்நேர் டிரம் இல்லாத குறைக்குத் தந்திகளுக்கு இடையே காகிதத்தைச் செருகினார். ஒரு தாளை நீளவாக்கில் மடித்து ஒரு சென்டிமீட்டர் அகலப் பட்டையாக்கி, ஒரு தந்திக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று பின்னி, ஒலித்துளைக்கும் பிரிட்ஜுக்கும் (கிட்டாரின் உடலில் தந்திகளைக் கட்டியிருக்கும் துண்டு) நடுவே வையுங்கள். பிரிட்ஜை நெருங்க நெருங்கச் சுரம் தெளியும், சலசலப்பு குறையும். ஒலித்துளை பக்கம் வந்தால் சுரமே செத்துவிடும். விசிட்டிங் கார்டு அட்டை கனம் கூடுதல். ரூபாய் நோட்டு கசங்கும். நோட்டுப்புத்தகத் தாள்தான் சரி.

செவ்வாய், மெம்பிஸ்

மெக்லெமோர் அவென்யூ 926, சோல் இசைக்குப் பேர்போன ரெக்கார்ட் கம்பெனி ஸ்டாக்ஸ். அசல் கட்டடம் 1989இல் இடிக்கப்பட்டுவிட்டது. இப்போது நிற்பது அதே இடத்தில் அதே முகப்போடு கட்டி 2003இல் திறந்த அருங்காட்சியகம். போலிதானே என்று ஒதுக்க வேண்டாம். ஸ்டூடியோ அறையின் சரிந்த தரையை அப்படியே திரும்பக் கட்டியிருக்கிறார்கள், அதற்காகவே போகலாம்.

ஸ்டாக்ஸ் இருந்த கட்டடம் முதலில் சினிமாக் கொட்டகை. நாற்காலிகளைப் பிடுங்கினார்கள், தரையைச் சமன் செய்யப் பணம் இல்லை. சரிந்த தரையும் மட்டமான கூரையும் இணையாக இல்லாததால் அறையில் ஒலி ஒரே இடத்தில் தேங்கவில்லை. அறையோ பெரியது. ஹாலின் அந்தத் ததும்பல் ஒவ்வொரு மைக்கிலும் ஏறியது.

இங்கே கற்றுக்கொள்ள வேண்டியது ஸ்டாக்ஸின் கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் கிராப்பரின் சிக்கனம். டெலிகாஸ்டர் கிட்டார், 10 அங்குல ஒற்றை ஸ்பீக்கர் கொண்ட ஃபெண்டர் ஹார்வர்ட் ஆம்ப், அவ்வளவுதான். 1965இல் பாடகர் வில்சன் பிக்கெட்டின் ‘இன் தி மிட்நைட் ஹவர்’ பதியும்போது தயாரிப்பாளர் ஜெரி வெக்ஸ்லர் அன்றைய புது நடனத்தை ஆடிக் காட்டினாராம். அந்த ஆட்டத்துக்காக 2ஆவது, 4ஆவது அடிகளை ஒரு மயிரிழை தள்ளி வைத்தார்கள். டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்தே தாமதிக்கின்றன, பேஸ் மட்டும் நேரத்துக்கு வருகிறது.

பழக ஒரு வழி உண்டு. மெட்ரோனோமை 2க்கும் 4க்கும் மட்டும் அடிக்க வையுங்கள். மேல் மூன்று தந்தியில் மட்டும் கார்ட் பிடித்து, அடித்த உடனே இடது விரல்களைத் தளர்த்துங்கள். தந்தியை விட்டு எடுக்காதீர்கள். கிளிக் காதில் விழுந்த பிறகு கை இறங்குவதுபோல் இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் பதிபவர்கள் கிட்டார் டிராக்கை 10 முதல் 20 மில்லிநொடி பின்னால் நகர்த்திக் கேட்கலாம். ஸ்நேரையும் கூடவே நகர்த்தாவிட்டால் தாளம் தவறியதுபோலத்தான் கேட்கும்.

ஸ்டாக்ஸ் பாடகர் ஐசக் ஹேஸின் தங்கப்பூச்சு கேடிலாக் காரும் உள்ளே நிற்கிறது. அதைப் படமெடுக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

புதன், கிளார்க்ஸ்டேல்

மெம்பிஸிலிருந்து தெற்கே 61ஆம் நெடுஞ்சாலையில் சுமார் 120 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் தட்டையான வயல். கிஸார்ட்டின் ஆம்ப் அடிபட்டு வந்த சாலையும் இதுவே.

ஊருக்குள் 61ம் 49ம் சந்திக்கும் இடத்தில் கம்பத்தின் மேல் மூன்று நீல கிட்டார்களை வைத்து, புளூஸ் கிட்டாரிஸ்ட் ராபர்ட் ஜான்சன் சாத்தானிடம் ஆத்மாவை விற்ற நாற்சந்தி என்கிறார்கள். ஐந்து நிமிடம் போதும். ஜான்சன் பதிந்த 29 பாட்டில் ஒன்றுகூட மிசிசிப்பியில் பதியப்பட்டதில்லை. 1936இல் சான் அன்டோனியோ, 1937இல் டல்லஸ், இரண்டுமே டெக்சஸ்.

நேரத்தை டெல்டா புளூஸ் மியூசியத்துக்கு வையுங்கள். பழைய ரயில் சரக்குக் கொட்டகை அது. புளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் வாழ்ந்த மரக்குடிசையை ஸ்டோவால் தோட்டத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து உள்ளேயே நிறுத்தியிருக்கிறார்கள். அந்தக் குடிசையின் பலகை ஒன்றில் ஸிஸி டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸ் செய்யவைத்த கிட்டாரும் இருக்கிறது.

இந்த ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகள் கிட்டார் வாங்க வக்கில்லாத காலத்தில் தொடங்கிய வாத்தியம் டிட்லி போ. துடைப்பத்தைக் கட்டியிருக்கும் கம்பியை உருவி, வீட்டுச் சுவரில் இரண்டு ஆணிக்கு நடுவே இழுத்துக் கட்டி, பாட்டிலைத் தேய்த்து வாசிப்பார்கள். நம்மூர் துந்தனாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. ஸ்லைடு கிட்டார் பழக இதைவிட மலிவான ஆசான் இல்லை.

வேண்டியவை: 90 சென்டிமீட்டர் நீளம், 8 அகலம், 4 கனமுள்ள பலகை; மரத் திருகு இரண்டு; 17 அல்லது 18 அளவு (அங்குலத்தில் ஆயிரத்தில் பங்காக) உறையில்லாத கிட்டார் தந்தி ஒன்று; சின்னக் கண்ணாடிக் குப்பி இரண்டு; தேய்க்க மருந்து பாட்டில். திருகுகளை 80 சென்டிமீட்டர் இடைவெளியில், ஒரு சென்டிமீட்டர் வெளியே நிற்கும்படி ஏற்றுங்கள். ஆணி வேண்டாம், இழுவைக்கு மெல்லச் சாய்ந்துவிடும். தந்தியின் குண்டு முனையை ஒரு திருகில் மாட்டி, மறுமுனையை அடுத்த திருகில் நான்கு சுற்று சுற்றி முறுக்குங்கள். பிறகு இரண்டு குப்பிகளையும் தந்திக்குக் கீழே படுக்கவைத்து, திருகை நோக்கித் தள்ளத் தள்ளத் தந்தி இறுகும். குப்பிகளுக்கு நடுவே 64 சென்டிமீட்டர் வரும்படி நிறுத்துங்கள்.

ஒரு குப்பியிலிருந்து அளந்து பலகையில் பென்சில் கோடு போடுங்கள். 10.2 சென்டிமீட்டரில் சிறு மூன்றாம் சுரம், 16இல் நான்காம், 21.3இல் ஐந்தாம், 28.1இல் சிறு ஏழாம், 32இல் மேல் ஸ்தாயி. புளூஸ் வாசிக்க இந்த ஐந்தும் போதும். குப்பி நழுவினால் அடியில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை வையுங்கள். ஒலி சின்னதாக இருந்தால் ஒரு குப்பிக்குப் பதில் காலி பிஸ்கட் டின். டின் உடுக்கை மாதிரி அதிராமலிருக்க உள்ளே துணி. பாட்டிலை அழுத்தக் கூடாது, தந்தியின் மேல் அதன் எடை மட்டும் படட்டும். பாட்டிலுக்குப் பின்னால் ஒரு விரல் தந்தியைத் தொட்டுக்கொண்டே வராவிட்டால் கூடவே ஒரு கீச்சொலி வரும்.

அதே கையோடு கிட்டாரில் ஏற, விரல் வைக்காமல் அடித்தாலே ஜி கார்ட் ஒலிக்கும் ஓப்பன் ஜி ட்யூனிங்: 6, 5, 1ஆம் தந்திகளை ஒரு முழுச் சுரம் இறக்கினால் டி-ஜி-டி-ஜி-பி-டி. ஸ்லைடு ஃபிரெட் கம்பிக்கு நேர் மேலே நிற்க வேண்டும், வழக்கமாக விரல் வைக்கும் இடத்தில் வைத்தால் சுரம் இறங்கிக் கேட்கும்.

வியாழன், டூபெலோ

ஆக்ஸ்ஃபோர்ட் வழியாகக் கிழக்கே. டூபெலோ ஹார்ட்வேர் இன்றும் ஆணியும் குழாயும் விற்கும் கடை. 1946 ஜனவரியில் எல்விஸின் 11ஆவது பிறந்தநாளை ஒட்டி அவன் அம்மா கிளாடிஸ் இங்கேதான் அவனுக்கு முதல் கிட்டார் வாங்கித் தந்தாள். பையன் கேட்டது துப்பாக்கி. விலை 7 டாலர் 75 சென்ட், வரி தனி. அரை மணி நேரம் பார்த்துவிட்டு நாட்செஸ் டிரேஸ் சாலையைப் பிடியுங்கள். கனரக வண்டிகளுக்கு அனுமதி இல்லை, பெரும்பாலும் மணிக்கு 50 மைல்தான் வேகம். வழியில் பெட்ரோல் பங்க் கிடையாது, டூபெலோவிலேயே நிரப்பிக்கொள்வது நல்லது.

காரில் கிட்டார் இருந்தால் டிக்கியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். தெற்கத்திய வெயிலில் பூட்டிய கார் கொதிக்கும். பிரிட்ஜை ஒட்டியிருக்கும் பசை இளகி, தந்தியின் இழுவைக்குப் பிரிட்ஜ் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். மெல்லிய காகிதத் துண்டை அதன் பின் விளிம்பில் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் தந்திகளைத் தளர்த்திவிட்டுப் பழுதுபார்ப்பவரைத் தேட வேண்டியதுதான். வீட்டில் ஃபெவிகால் விட்டு அமுக்கினால் அடுத்து வருபவருக்கு வேலை இரட்டிப்பு.

வெள்ளி, மசில் ஷோல்ஸ்

அலபாமாவின் இந்தச் சிற்றூரில் இரண்டு ஸ்டூடியோ. ஒன்று ரிக் ஹாலின் ஃபேம். 1967 ஜனவரியில் பாடகி அரீதா ஃபிராங்க்ளின் வந்த இடம். மற்றொன்று, ஃபேமின் வாத்தியக்காரர்கள் 1969இல் பிரிந்து போய்த் தொடங்கியது: ஷெஃபீல்டில் ஜாக்சன் ஹைவே 3614. ஆளுக்கொரு காதலர் கூட்டம் உண்டு. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் இரண்டாவது. அந்த அறை எவ்வளவு சின்னது என்பதை நேரில் பார்த்தால்தான் நம்பிக்கை வரும்.

1969 டிசம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸ் மூன்று நாள் இங்கே உட்கார்ந்து மூன்று பாட்டு பதிந்தார்கள். ‘பிரவுன் ஷுகர்’ நேற்று முந்தின நாள் பார்த்த ஓப்பன் ஜி ட்யூனிங்தான். குழுவின் கிட்டாரிஸ்ட் கீத் ரிச்சர்ட்ஸ் 6ஆம் தந்தியைக் கழற்றிவிட்டு வாசிப்பார். ‘வைல்ட் ஹார்சஸ்’ பாட்டில் பியானோ வாசித்தது ஜிம் டிக்கின்சன். குழுவின் பியானோக்காரர் இயன் ஸ்டூவர்ட்டுக்கு மைனர் கார்ட் என்றால் ஆகாது, வாசிக்க மறுத்துவிட்டார்.

அதே பாட்டில் குழுவின் இன்னொரு கிட்டாரிஸ்ட் மிக் டெய்லர் வாசித்த அகூஸ்டிக் கிட்டார் நாஷ்வில் ட்யூனிங்கில் இருக்கிறது. 12 தந்திக் கிட்டாரின் ஜோடித் தந்திகளில் மெல்லியதை மட்டும் ஏற்றிய கிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் இரண்டு தந்தி வழக்கம்போல, கீழ் நான்கும் ஒரு ஸ்தாயி மேலே. 1லிருந்து 6 வரை அளவுகள், அங்குலத்தில் ஆயிரத்தில் பங்காக: 10, 14, 9, 12, 18, 27. தனியாகக் கேட்டால் பொம்மைக் கிட்டார். சாதாரணக் கிட்டாரை இடது ஸ்பீக்கரிலும் இதை வலதிலும் வைத்து ஒரே கார்டுகளை வாசித்தால், ஒற்றைப் பெரிய கிட்டார் தகதகக்கும்.

தகராறு 3ஆம் தந்தியில் வரும். 9 அளவுத் தந்தியை அந்த மேல் ஜி வரை ஏற்றினால் அறும் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறது. கடைசி அரைச் சுரத்தை மெதுவாக ஏற்றுங்கள், முகத்தைக் கிட்டாரிலிருந்து தள்ளி வையுங்கள். நட்டின் (கழுத்தின் மேல்முனையில் தந்திகள் உட்காரும் துண்டு) பள்ளத்தில் பென்சில் கரி தடவினால் பாதி பிரச்சினை தீரும். இன்னொன்று: தந்திகள் மெலிந்ததும் மொத்த இழுவை குறைந்து கழுத்து பின்னால் வளையும், முதல் சில ஃபிரெட்டுகளில் தந்தி உரசும். கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் கம்பியைக் கால் சுற்று தளர்த்தி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். நட்டை அகலப்படுத்துவதோ அரத்தால் ராவுவதோ வேண்டாம், பழைய தந்திக்குத் திரும்ப முடியாமல் போகும்.

சனி, நாஷ்வில்

கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் கன்ட்ரி கிட்டாரிஸ்ட் மேபெல் கார்ட்டரின் 1928ஆம் ஆண்டு கிப்ஸன் எல்-5 கிட்டார் கண்ணாடிக்குள் இருக்கிறது. கட்டைவிரல் கீழ்த் தந்திகளில் மெட்டை எடுக்க, மற்ற விரல் மேல் தந்திகளைத் தட்டிவிடும் பாணி அவருடையது. ஆர்சிஏ ஸ்டூடியோ பி பார்க்க வேண்டுமானால் இந்த அருங்காட்சியகத்திலேயே சேர்த்துச் சீட்டு எடுக்க வேண்டும், பேருந்தில் அழைத்துப்போகிறார்கள். நேராக ஸ்டூடியோ வாசலுக்குப் போய்ப் பயனில்லை.

இந்த ஊரின் கோளாறுதான் இருப்பதிலேயே பெரியது. 1961இல் வெளிவந்த, கன்ட்ரி பாடகர் மார்ட்டி ராபின்ஸின் பாட்டு ஒன்றின் நடுவே கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு தந்தி பேஸ் திடீரென்று தேனீக்கூட்டைக் கலைத்தாற்போல உறுமுகிறது. மியூசிக் ரோவிலுள்ள குவான்செட் ஹட் ஸ்டூடியோவில், ஒலி கலக்கும் கன்சோலின் ஒரு சேனல் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகியிருந்தது. பதிவை அழிக்காமல் விட்டார்கள். மற்றவர்களும் அந்த ஒலியைக் கேட்டு வந்தபோது சேனல் முழுதாகச் செத்துப்போயிருந்தது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அதையே டிரான்சிஸ்டரில் திரும்பச் செய்து கிப்ஸனிடம் கொடுத்தார். 1962இல் வந்த மேஸ்ட்ரோ எஃப்இசட்-1, கடையில் விற்ற முதல் ஃபஸ் (ஒலியை இப்படி உறுமவைக்கும்) பெடல். டிரம்பெட், செல்லோ மாதிரி ஒலிக்கும் என்று விளம்பரம் செய்தார்கள், சரக்கு தேங்கியது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சாட்டிஸ்ஃபேக்ஷன்’ வந்த பிறகுதான் கடைகள் காலியாயின. அங்கேயும் பித்தளை வாத்தியம் வாசிக்க வேண்டிய இடத்தைக் குறித்துக்காட்டத்தான் கீத் ஃபஸ்ஸைப் போட்டார்.

மேஸ்ட்ரோவின் உள்ளே ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் மூன்று, 1.5 வோல்ட் பேட்டரி இரண்டு. நகல் பெடல் வாங்குபவர்களுக்குச் சில குறிப்புகள். பெடல் வரிசையில் இதுதான் முதலில், கிட்டாருக்கு அடுத்து. நடுவே பஃபர் (சிக்னலைத் தாங்கிக் கொடுக்கும் மின்சுற்று) உள்ள ட்யூனர் இருந்தால் கூர்மை காதைக் கிழிக்கும். முழுக் கார்ட் அடித்தால் கூழாகிவிடும். இரண்டு சுரங்களின் கூட்டலும் கழித்தலுமான புதுச் சுரங்கள் முளைப்பதால் அப்படி. ஒற்றைச் சுரம், அல்லது மூலச் சுரமும் ஐந்தாமும். ஜெர்மேனியத்துக்குச் சூடு ஆகாது. வெப்பம் சுமார் 10 டிகிரி கூடும்போதெல்லாம் அதன் கசிவு மின்னோட்டம் இரட்டிப்பாகும். மே மாதச் சென்னைத் திறந்தவெளி மேடையில் ஒலி திக்கித் திக்கி அறுந்தால் பெடல் கெட்டுவிட்டது என்று எறியாதீர்கள். நிழலில் வையுங்கள், டிரான்சிஸ்டரின் மின்னளவைச் சரிசெய்யும் பயஸ் திருகு இருந்தால் ஒலி அறுவது நிற்கும்வரை சிறிது சிறிதாகத் திருப்புங்கள். வெயில் காலக் கச்சேரிக்கு சிலிக்கான் டிரான்சிஸ்டர் ஃபஸ்தான் புத்திசாலித்தனம், சுத்தவாதிகள் முகம் சுளித்தாலும்.

ஞாயிறு, நாஷ்வில்

பழைய கிட்டார் கடைகளுக்கு நேற்றே போயிருக்க வேண்டும். ஞாயிறு பல கடைகள் மூடல். 1970இல் ஜார்ஜ் குரூன் தொடங்கிய கடை இந்தத் தொழிலுக்கே தாய்வீடு. வாங்கும் ஆசையோடு போகிறவர்கள் மார்ட்டின் கம்பெனியின் டி-28 கிட்டார் முன்னால் நின்று கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையல்ல, எந்த ஆண்டு என்பது.

1969 வரை அந்தக் கிட்டாரின் முதுகும் பக்கமும் பிரேசில் ரோஸ்வுட். பிரேசில் அறுக்காத மரத்தை வெளியே விடுவதை நிறுத்தியதும் மார்ட்டின் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. வேறொன்றுமில்லை, நீலகிரி, வயநாடு பக்கம் வளரும் நம் ஈட்டி மரம். பழசுக்கு விலை எகிறுவதற்குக் காரணம் காதைவிட இந்தச் சரித்திரம் என்றுதான் தோன்றுகிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டு இரண்டையும் பிரித்துச் சொல்வது கைதேர்ந்தவர்களுக்கே கஷ்டம்.

எல்லை தாண்டும்போது வித்தியாசம் பெரிது. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. ஏற்றுமதி, இறக்குமதி இரண்டு பக்க அனுமதியும் இல்லாமல் கொண்டுவந்தால் கிட்டார் சுங்கத்தில் தங்கிவிடும். ஈட்டி மரத்தில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் முதல் அந்தத் தொல்லை இல்லை. நட், சேடில், பிக் எதுவும் தந்தமோ ஆமை ஓடோ அல்ல என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

விமானத்தில் அகூஸ்டிக் கிட்டார் அனுப்பும்போது தந்திகளை இரண்டு மூன்று சுரம் இறக்கினால் போதும், முழுக்கத் தளர்த்த வேண்டாம். ஹெட்ஸ்டாக்குக்குக் (தந்தி முறுக்கும் தலைப்பகுதி) கீழே பெட்டியில் இடைவெளி இருந்தால் சட்டையைச் சுருட்டி அடையுங்கள். பெட்டி கீழே விழும்போது ஹெட்ஸ்டாக் பின்னால் உதறி, நட்டுக்கு ஒட்டினாற்போல முறிவதுதான் வழக்கமான விபத்து. கிப்ஸன் மாதிரி பின்னால் சாய்ந்த ஹெட்ஸ்டாக்குக்கு இந்த ஆபத்து அதிகம், ஃபெண்டருக்குக் குறைவு. வந்து இறங்கியதும் பெட்டியைத் திறக்காமல் சில மணி நேரம் அறையில் வைத்துவிட்டுத் திறங்கள். சரக்கறைக் குளிரிலிருந்து நேராகச் சூட்டுக்கு வந்தால் பழைய நைட்ரோசெல்லுலோஸ் வார்னிஷ் பூச்சில் மெல்லிய வெடிப்புகள் ஓடும். அவற்றுக்கு மருந்து கிடையாது.